மக்ரூன் கடை மஞ்சக் கரு

மிக்ஸியோட சின்ன ஜார் மூடியில இருந்து வாஷர கழட்டுனேன், பூண்டு வாடை நேரா மூஞ்சில வந்து அடிச்சிச்சு. ரூம் காலி பண்ணிட்டு இருக்கேன். மெட்ராஸ் வந்து மூணு வருஷம், இது நாலாவது ரூம். ஓனர் மேலயும் தப்பு இல்ல, தண்ணி மேலயும் தப்பு இல்ல, எனக்கு ஒரு எடத்துல இருப்பு கொள்ளாது, அம்புட்டுத்தான். வண்டிக்காரன் பத்து மணிக்கு வாரேன்னான், இப்ப பன்னெண்டு. பாதி அட்டப்பெட்டி கட்டியாச்சு, பாதி வாயப் பொளந்துட்டு கெடக்கு. சும்மா உக்கார முடியாம இத போன்ல தட்டிட்டு இருக்கேன். தப்பும் தவறுமா இருந்தா கண்டுக்காத.

அந்த வாஷர சோப்புத் தண்ணி, வெந்நி, எலுமிச்சத் தோலு எல்லாத்துலயும் ஊறப் போட்டுப் பாத்தாச்சு. வாடை போகாது. தூத்துக்குடில நானும் ஜெபாவும் ஒரே ரூம்ல கெடந்த காலத்துப் பூண்டு அது. ஜாரும் அவளோடதுதான். அவ எடுத்துட்டுப் போகல, நானும் குடுத்து விடல.

ஜெபான்னா ஜெபசெல்வி, நாசரேத்துக்காரி. காலேஜ்ல எனக்குப் பக்கத்து எடம். ரெண்டு பேரும் கெமிஸ்ட்ரி. அவங்கம்மா ஸ்கூல்ல ஹெச்.எம்., பேசுனாலே கரும்பலகைல எழுதுற மாதிரி இருக்கும். நான் ஏரல் பக்கம், வயக்காட்டு ஊரு, எங்க வீட்டுல நான் டிகிரி முடிச்சதே பெருசுன்னு விட்டுட்டாங்க. படிப்பு முடிச்ச கையோட ரெண்டு பேருக்கும் ஹார்பர் போற ரோட்டுல ஒரு கிளியரிங் ஆபீஸ்ல டிரெய்னி வேல கெடச்சிச்சு. உப்புல இருந்து காத்தாலை றெக்கை வரைக்கும் கப்பல்ல ஏறுற சாமானுக்கெல்லாம் பேப்பர் ரெடி பண்ணணும். கண்டெய்னர் நம்பர்ல ஒரு எழுத்து மாறுச்சுன்னா சீனியர் நம்ம பரம்பரையையே இழுப்பாரு. எனக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ மாறும். வெரசா அடிச்சு வெரசா முடிக்கணும்னு ஒரு வெறி. ஜெபா ஒவ்வொரு நம்பரையும் வெரல வச்சுப் படிப்பா.

ரூம் மாடில. கீழ லாரி டயருக்கு பஞ்சர் ஒட்டுற கடை. எங்ககிட்ட இருந்த அடுப்பங்கரை சாமான் மொத்தமே ஒரு கரண்ட் அடுப்பு, ஒரு மிக்ஸி, நாலு தட்டு. சாயந்தரம் ஆபீஸ் விட்டு வந்தா பசி உயிர் போகும். பன்னு இருக்கும், இல்லன்னா ரொட்டி, இல்லன்னா காலைல வாங்குன பரோட்டா காஞ்சு போய் கெடக்கும். தொட்டுக்க எதுவும் இருக்காது. தொட்டுக்க இல்லாம பரோட்டாவத் திங்கது செருப்பக் கடிக்கதுக்குச் சமானம், நீயே சொல்லு. அப்பிடித்தான் ஆரம்பிச்சோம். டிப்புன்னு ஜெபாதான் ஸ்டைலா சொல்லுவா. அவங்கம்மாவுக்கு அது பிடிக்கவே இல்ல. ஒரு தடவ ஸ்பீக்கர்ல போட்டுப் பேசும்போது கேட்டாங்க, "என்ன ஜெபா, டிகிரி முடிச்சிட்டு அங்கன உக்காந்து தொவையல் அரைக்கியா?"

மொதல்ல பொரிகடலை. ஒரு கை பொரிகடலை, ரெண்டு பச்ச மொளகா, ஒரு பல்லு பூண்டு, கொஞ்சம் புதினா, கெட்டித் தயிரு. அரச்சா கொழகொழன்னு வரும், வெள்ளரிக்காய அதுல முக்கித் திம்போம். அப்புறம் நெலக்கடலை. வறுத்து, தோல ஊதி, வத்தலும் பூண்டும் சேத்து, புளித்தண்ணிய கொஞ்சங் கொஞ்சமா விட்டு அரைக்கணும். தோல ஊதுற வேல எனக்கு. ரூம் பூரா பறக்கும், ரெண்டு நாளைக்குத் தலமுடில இருந்து கடலத் தோல் உதிரும். ஆபீஸ்ல சீனியர் கேட்டாரு, "என்னம்மா, தலைல பொடுகா?" கடல சார்னு சொன்னா யாரு நம்புவா.

பெரிய கூத்து தயிர்லதான். தயிர துணில கட்டித் தொங்க விட்டா தண்ணி வடிஞ்சு கெட்டியா வரும், அதுல உப்பும் பூண்டும் மொளகும் தட்டிப் போட்டா பெரிய ஓட்டல்ல குடுக்கிற சாமான் ரெடி. துணிக்கு எங்க போக, என் வெள்ள ஷால்ல கட்டி ஜன்னல் கம்பில தொங்க விட்டோம், வெளிப்பக்கமா. அது சொட்டு சொட்டா கீழ பஞ்சர் கடை அண்ணாச்சி தலைல எறங்கிருக்கு. அவர் அண்ணாந்து பாத்து, "ஏம்மா, மேல என்ன ஒழுகுது?"ன்னாரு.

நான் எட்டிப் பாத்து வாய் கூசாம சொன்னேன், "மழ தூறுது அண்ணாச்சி."

அவர் நெத்தியத் தொட்டு மோந்து பாத்தாரு. "மாசி மாசத்து மழயா? புளிக்குல்லா."

ஜெபா கட்டில்ல விழுந்து சிரிச்சா. பொறவு ஒரு கிண்ணத்துல கெட்டித் தயிரும் நாலு பன்னும் கொண்டு போய்க் குடுத்துட்டு மன்னிப்பும் கேட்டுட்டு வந்தா. நான் பொய் சொல்லுதது, அவ போய் சரி பண்ணுதது, எங்களுக்குள்ள வேலைப் பங்கீடு அப்பிடி.

இப்ப மெயின் மேட்டருக்கு வாரேன். எங்க தெரு முக்குல ஒரு கிரில் சிக்கன் கடை உண்டு. ஓனரு காயல்பட்டினத்துக்காரர், சவூதில பல வருஷம் இதே வேல பாத்துட்டு வந்தவரு. எல்லாருக்கும் அவர் காக்கா, அவங்க ஊர்ல அண்ணன அப்பிடித்தான் கூப்பிடுவாங்க. மாசம் ஒரு தடவ, சம்பளம் வந்த அன்னைக்கு, கால் கோழி வாங்குவோம். கூட ஒரு சின்ன கப்புல மயோனைஸ் வரும். வெரலவிட்டு ரெண்டு நக்கு, தீந்து போச்சு. எக்ஸ்ட்ரா கப்புக்குத் தனிக் காசு. ஜெபா அந்தக் காலிக் கப்ப கைல வச்சு உருட்டிட்டே சொன்னா, "ஏளா, இது வெறும் முட்டையும் எண்ணெயும். எமல்ஷன். நாம பத்து மார்க்குக்குப் படம் போட்டு எழுதுனோம்லா."

எழுதுனோம். செஞ்சு பாத்தா மூணு தடவையும் திரிஞ்சு போச்சு. எண்ணெய் தனியா மஞ்சளா மெதக்கும், முட்டை அடில கெடந்து மொறைக்கும். அப்பத்தான் ஜெபா ஆணிய சுட வச்சு ஜார் மூடில ஒரு ஓட்ட போட்டா. அவ மிக்ஸிய விட்டு விட்டு அமுக்குவா, நான் அந்த ஓட்ட வழியா எண்ணெய நூலு மாதிரி எறக்கணும். "நூலுளா, நூலு. கயிறு இல்ல." நின்ன எடத்துல கால் மாத்தி கால் மாத்தி நிப்பேன். ஆனா நாலாவது தடவ வந்துச்சு பாரு, வெண்ணெ மாதிரி. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஜார பாத்துட்டே நின்னோம்.

முட்டை வெலைதான் ஒதச்சிச்சு. மஞ்சக் கரு மட்டும் போதும், வெள்ளைய என்ன செய்ய? அதுக்குப் பதில் எங்க ஊருலயே இருந்துச்சு. தூத்துக்குடி மக்ரூன் தின்னுருக்கியா? முந்திரிப் பருப்பு, சீனி, முட்டையோட வெள்ளைக் கரு, அம்புட்டுத்தான் சாமான். வெள்ளைய நொரைக்க நொரைக்க அடிச்சு, கோபுரம் மாதிரி பிழிஞ்சு, மெதுவான சூட்டுல காய வைப்பாங்க. அப்ப மஞ்சக் கரு எங்க போகுது? இத யோசிச்சதுக்கே எங்க ரெண்டு பேருக்கும் டாக்டர் பட்டம் குடுக்கலாம்.

பஸ் ஸ்டாப்புக்குப் போற வழில ஒரு பேக்கரி, அங்க போய் ஜெபா கேட்டா. பேக்கரி அண்ணாச்சி எவர்சில்வர் வாளியக் காட்டுனாரு, வாளி நெறைய மஞ்சக் கரு, பாக்கவே கண்ணு கூசுது. "பன்னுக்கு மேல கொஞ்சம் தடவுவோம். மிச்சத்த ஆம்லெட் கடைக்காரன் ஒண்ணுக்குப் பாதியா தூக்கிட்டுப் போவான். ஒங்களுக்கு எதுக்கு, தலைக்குத் தேய்க்கவா?" தலைக்குத்தான்னு நான் சொல்லப் போனேன், ஜெபா முந்திட்டு உண்மையச் சொல்லிட்டா. அவர் சிரிச்சிட்டு ஒரு டப்பா நெறைய ஊத்திக் குடுத்தாரு. அதுல இருந்து சாயந்தரம் சாயந்தரம் ஆம்லெட் கடைக்காரருக்கு முன்னாடி போய் நிக்கது என் வேல. ஓடுறதுன்னா எனக்குச் சரியா வரும்.

அந்தக் கருவுல செஞ்ச டிப்பு இருக்கே. எப்பிடிச் சொல்ல. கடைல வாங்குனதுல இல்லாத ஒரு மென்ம, பூண்டு காரம் தொண்டைல ஏறுறதுக்கு முன்னாடி ஏதோ ஒண்ணு வந்து நாக்கத் தடவிக் குடுக்கும். ஆபீஸ்ல கொண்டு போனோம், சீனியரே சப்பாத்திய அதுல ஒத்தி ஒத்தித் தின்னாரு. ஜெபா ஒரு கிண்ணத்த காக்கா கடைக்கே கொண்டு போயிட்டா. நான் கைய புடிச்சி இழுத்தேன், கேக்கல. காக்கா ஒரு துண்டுக் கோழிய முக்கி வாய்ல போட்டாரு, கண்ண மூடுனாரு. "என்ன புள்ள போட்டிருக்க இதுல?"

ஜெபா நிமிந்து நின்னா. "கம்பெனிக்காரன் மாதிரி சீனி போட்டு ஏமாத்தல காக்கா. முட்டை, எண்ணெய், பூண்டு, உப்பு, எலுமிச்ச. எங்க டிப்புல சீனியே கெடையாது."

"டெய்லி கொண்டு வா"ன்னுட்டாரு.

இதுல ஜெபாவுக்கு இருந்த அவசரம் ஒனக்குத் தெரியணும். ஆபீஸ்ல எங்கள பெர்மனன்ட் பண்ணுத மாதிரி இல்ல. அவங்கம்மா நாசரேத்துல ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல சொல்லி வச்சிருந்தாங்க, பொங்கல் லீவு முடிஞ்சதும் சேரணும், வீட்டுலயே இருக்கணும், பின்னாலயே மாப்பிள்ளை பாப்பாங்க. ஜெபாவுக்கு டீச்சர் வேலைன்னாலே மூச்சு முட்டும். அவங்கம்மா கைல சாக்பீஸ் வாசன இல்லாம தன்னத் தூக்குனதே இல்லன்னு ஒரு நாள் சொன்னா. சொந்தமா ஒண்ணு செய்யணும், இந்த ஊருலயே நிக்கணும். அம்மா கடைசியா சொல்லிட்டாங்க, "கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஒரு முடிவோட வா. நெலையா ஒண்ணு இருந்தாக் காட்டு, நான் வாயத் தெறக்கல."

டிசம்பர் ஆரம்பத்துல காக்கா கூப்பிட்டாரு. காயல்பட்டினத்துல அவங்க சொந்தத்துல கல்யாணம், வலிமாவுக்கு, அதான் மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கு, கிரில் அவரோட பொறுப்பு. டிப்பு நாங்க. "விருந்துல எங்க ஆளுவ நல்லாருக்குன்னுட்டா இந்தக் கடைக்கும் ஊர்ல இருக்க எங்க கடைக்கும் வருஷம் பூரா நீதாம் புள்ள." ஜெபா அன்னைக்கு ரூம்ல முட்டி போட்டு ஜெபம் பண்ணுனா. நான் பக்கத்துல நின்னுக்கிட்டே ஆமென் சொன்னேன். என் சாமிக்கும் ஒரு வார்த்த தனியா போட்டு வச்சேன், எதுக்கும் இருக்கட்டும்னு.

விருந்துக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி மழ புடிச்சிச்சு. உண்மையான மழ. நாலு மணி நேரத்துல தெருவுல மொழங்காலுக்குத் தண்ணி. மழ ஈரத்துல மக்ரூன் காயாது, பிசுபிசுன்னு கைல ஒட்டும், அதனால பேக்கரில மக்ரூனே போடல. மஞ்சக் கரு இல்ல. அண்ணாச்சி வெறும் வாளியக் கவுத்துக் காட்டுனாரு. தொயந்து மழ பேஞ்சா இப்பிடித்தான்னு அந்த ஊருல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். ஆர்டர் எடுக்கும்போது எங்க ரெண்டு பேர் மண்டைலயும் அது ஏறல.

சரி, என்ன கெட்டுப் போச்சு. தண்ணில நடந்து போயி அட்டை அட்டையா முட்டை வாங்கிட்டு வந்தோம். ஒடச்சு ஒடச்சுக் கரு பிரிச்சோம், வெள்ளைய ரெண்டு குடத்துல ஊத்தி பஞ்சர் கடை அண்ணாச்சிக்கும் பக்கத்து வீட்டுக்கெல்லாமும் குடுத்தோம், தெருவே அன்னைக்கு வெள்ள ஆம்லெட் தின்னுச்சு. அதே ஜாரு, அதே ஓட்ட, அதே எண்ணெய். ஜெபா அளவ ஒரு இம்மி மாத்தல. கரண்டு போய்ப் போய் வந்துச்சு, திரும்பப் போறதுக்குள்ள முடிக்கணும்னு நானும் பறந்தேன். ரெண்டு வாளி ரெடி.

காலைல காக்கா வண்டியோட வந்தாரு. வெரல்ல தொட்டு நாக்குல வச்சாரு. திரும்ப ஒரு தடவ வச்சாரு. "இது அது இல்லயே."

"அதேதான் காக்கா."

"என்ன மாத்துன?"

"ஒண்ணும் மாத்தல. சத்தியமா."

ஜெபா எலுமிச்ச புழிஞ்சா, பூண்டு கூட்டுனா, உப்பு போட்டா, பால் பவுடர் கூடக் கலக்கிப் பாத்தா. ஒவ்வொரு கரண்டியா காக்காகிட்ட நீட்டுனா, அவரும் பொறுமையா நக்கிப் பாத்தாரு. கடைசில கைக்கடியாரத்தப் பாத்தாரு. "நல்லாத்தாம் புள்ள இருக்கு. ஆனா இத எல்லாரும் செய்வான். நான் எங்க ஊர்ல அந்த ருசியச் சொல்லி வச்சிருக்கேன். கோவிச்சுக்காத, பொறவு பாப்போம்." வாளிய எடுக்காமலே போயிட்டாரு. விருந்துக்குக் கம்பெனி பாக்கெட்டு போச்சு.

வண்டி முக்கு திரும்புனதும் ஜெபா என்னப் பாத்தா. "நீ எண்ணெய வெரசா ஊத்திட்டளா."

"இல்லளா. நூலு மாதிரிதான் ஊத்துனேன்."

"ஒனக்கு எதுலதான் பொறும இருந்துருக்கு? கண்டெய்னர் நம்பர்ல இருக்கா? ஒரு எடத்துல நிக்கியா நீ? என் பொழப்புல வந்துமா ஒன் அவசரம்?"

எனக்கே சந்தேகம். கரண்டு போயிருமோன்னு ஒரு நாலஞ்சு தடவ கயிறு மாதிரி ஊத்திருப்பேனோ? ரெண்டு நாளு ஆளுக்கொரு மூலைல உக்காந்து தின்னோம். கிறிஸ்துமஸுக்கு மொத நாளு அவ பைய எடுத்துட்டுக் கெளம்பிட்டா. வாரேன்னு என்னப் பாத்து சொல்லல, கதவப் பாத்துத்தான் சொன்னா.

புது வருஷம் பொறந்து ரெண்டாம் நாளு, ஆபீஸ்க்கு மக்ரூன் வாங்க பேக்கரிக்குப் போனேன். மழ விட்டுருச்சு, வெயில் அடிக்கி, உள்ள வேல மும்முரமா நடக்கு. அண்ணாச்சி முட்டைய ஒடச்சு வெள்ளைய ஒரு பக்கம், மஞ்சள ஒரு பக்கம் விட்டாரு. விட்டுட்டு, பக்கத்து மூட்டைல இருந்து ஒரு கை சீனிய அள்ளி மஞ்சக் கரு வாளில தூவுனாரு. பாத்துட்டே இருக்கேன், இன்னொரு கை.

"அண்ணாச்சி, அது என்னத்துக்கு?"

"சீனி போடலன்னா மேல ஆடை கட்டி தோலு மாதிரி காஞ்சிரும்லா. எப்பவும் போடுறதுதான், முந்திரித் தூளும் கொஞ்சம் விழும். ஏம்மா?"

அங்கனயே நின்னேன். எங்க டிப்புல சீனியே கெடையாதுன்னு நெஞ்ச நிமித்திச் சொன்னோமே, அதுல இருந்தது சீனிதான். எமல்ஷனுக்குப் பத்து மார்க் வாங்குன ரெண்டு மூதிகளுக்கு நாக்குல இனிக்கிறது தெரியல, நல்ல முட்டை போலுக்குன்னு நெனச்சிருக்கோம். காக்கா முன்னாடி ஒரு கரண்டி சீனி போட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அவ எல்லாத்தயும் போட்டா, அத மட்டும் போடல, அதுல அவளுக்கு அம்புட்டுப் பெருமை.

பொங்கலுக்கு இன்னும் ரெண்டு வாரம் கெடந்துச்சு. போன் கைலதான் இருக்கு. ஒரு போன் போட்டிருந்தா அவ அன்னைக்கே பஸ் ஏறிருப்பா, சாயந்தரம் காக்கா கடைல நின்னுருப்போம். நான் போடல. எம்மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சதும் எனக்கு சந்தோசந்தான் மொதல்ல வந்துச்சு, அடுத்து கோவம். அவளே போன் போடட்டும், அவளே கேக்கட்டும்னு இருந்தேன். இல்லன்னா நாலு நாள் கழிச்சு நானே போடுவோம்னு நெனச்சேன். ஒரு வாரம் ஆச்சு. டெய்லி அவ நம்பர எடுப்பேன், பாப்பேன், வச்சிருவேன். எல்லாத்துலயும் அவசரப்படுறவ அந்த ஒரு விசயத்துல மட்டும் அம்புட்டுப் பொறுமையா இருந்தேன்.

பொங்கல் முடிஞ்சு போட்டேன். எடுத்தா, பின்னால புள்ளைங்க எரைச்சல். சேந்து நாலு நாளு ஆச்சாம், ஏழாங்கிளாஸ் சயின்ஸ். சீனி விசயத்தச் சொன்னேன்.

"எப்பளா தெரிஞ்சிச்சு?"

"இன்னைக்குத்தான்"னேன். "இப்பதான் பேக்கரில இருந்து வாரேன்."

"அப்ப நீ ஒழுங்காத்தான் ஊத்திருக்க." மூக்க உறிஞ்சுன சத்தம் கேட்டுச்சு. "நாந்தான் சும்மா கெடந்த ஒன்ன ஏசிட்டேன். மனசுல வச்சுக்காதளா." மணி அடிச்சிச்சு, வச்சுட்டா.

அடுத்த மாசமே நான் அந்த ரூம விட்டுட்டேன். பொறவு அந்த ஊரயும் விட்டுட்டேன். போன தடவ போனப்போ அந்த மாடில கூரியர்க்காரங்க கோடவுன் போட்டுருக்காங்க. பேக்கரில இப்ப வெள்ளைக் கரு பாக்கெட்டுலயே வந்து எறங்குதாம், வாளியும் இல்ல, ஆம்லெட் கடைக்காரரும் வாரதில்ல. பச்சை முட்டை மயோனைஸுக்கு கவர்மெண்டு தடை போட்டதுல இருந்து காக்கா கடைல முட்டை இல்லாத பாக்கெட்டுதான். நாங்க அன்னைக்கு வச்ச லட்சணத்துக்கு ஒருத்தருக்கும் பேதி புடிக்காம இருந்ததே தேவ கிருபை, தடை போட்டது சரிதான்.

அதெல்லாம் போனா போகுது. ஜெபாகிட்ட இப்பவும் பேசுதேன், மாசம் ஒரு தடவ. ரெண்டாவது ரூம் மாறுனேன்னு சொன்னப்போ "நல்லா இருளா"ன்னா. மூணாவதுக்கும் அதேதான். முன்னாடின்னா காது கிழியக் கிழிய ஏசிருப்பா, கோட்டிக்காரி, ஒரு எடத்துல நின்னா என்ன கொறஞ்சா போவன்னு. அந்த போனுக்குப் பொறவு அவ என்ன ஒரு தடவ கூட ஏசுனது இல்ல.